தேன்கூட்டு ஈஸ்ட்டும் எஸ்டேட் சோப் ஆயிலும்

"சார், ஈஸ்ட்ல இருந்து சோப்பு எடுக்கறாங்களாமே, நெசந்தானா?"

பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போன வாரம் என்னிடம் இப்படிக் கேட்டவர், அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டின் ஒரு சந்தில் சின்ன ஷெட் எடுத்து சோப் ஆயில் தயாரிப்பவர். ஹோட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் ஐந்து லிட்டர் கேன்களில் பாத்திரம் துலக்கும் திரவம் போடுகிறார். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நெசந்தான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் கேட்டவர் தினமும் அந்தத் தொழிலில் கை நனைப்பவர். அவருக்கு முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு டீ ஆனது. அன்று சொன்னதையும், வீட்டுக்கு வந்தபின் சொல்லாமல் விட்டோமே என்று நினைத்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீல டிரம் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வார். அதில் ஆசிட் ஸ்லரியை ஊற்றுவார். வெல்லப்பாகுபோலக் கருப்பாக, கெட்டியாக இருக்கும், மூக்கில் ஏறும். அடுத்து காஸ்டிக் சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கழியால் கலக்குவார். டிரம் சூடாகும். சோதனைக் காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பார். புளிப்பும் காரமும் இல்லாத நிலைக்கு வந்ததும் உப்பு போடுவார். உப்பு போடப்போட திரவம் கெட்டிப்படும். ஒரு அளவைத் தாண்டினால் மறுபடி தண்ணீராக இளகிவிடும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் கைப்பக்குவம். கடைசியில் எலுமிச்சை வாசனை, பச்சை நிறம்.

அந்த ஸ்லரியின் மூலப்பொருளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மணலியில் தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் ஆலை இருக்கிறது. மண்ணெண்ணெயில் உள்ள நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து, பென்சீனோடு இணைத்து, லீனியர் அல்கைல் பென்சீன் என்ற எண்ணெயைத் தயாரிக்கிறார்கள். அதைக் கந்தக ட்ரைஆக்சைடோடு வினைப்படுத்தினால் வருவதுதான் ஆசிட் ஸ்லரி. நம் வீடுகளில் துணித்தூளுக்கும் பாத்திர சோப்புக்கும் பெரும்பாலும் இதுதான் அடிப்படை. அதாவது நாம் துணி துவைப்பது மண்ணெண்ணெயின் பேரப்பிள்ளையை வைத்து.

"அப்ப ஈஸ்ட் எங்க வருது?" என்றார்.

கையில் இருந்த டீயைக் காட்டினேன். டீயில் பால் இருக்கிறது, பாலில் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு ஏன் எண்ணெய்போல மேலே மிதக்கவில்லை? வடையை டீயில் தோய்த்தால் வட்டவட்டமாக எண்ணெய் மிதக்கிறதே, பால் கொழுப்பு மட்டும் எப்படிக் கலந்தே இருக்கிறது? ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையில் உள்ள மூலக்கூறுகளின் ஒரு பக்கம் கொழுப்பை நாடும், மறுபக்கம் தண்ணீரை நாடும். அதனால்தான் கொழுப்பு தண்ணீருக்குள் அமைதியாக இருக்கிறது. சோப்பு செய்வதும் இதே வேலைதான். ஒரு முனை தண்ணீர்ப்பற்று, மறுமுனை எண்ணெய்ப்பற்று. தட்டில் ஒட்டிய எண்ணெயை ஒரு முனை கவ்வும், மறுமுனை அதைத் தண்ணீரோடு இழுத்துப்போகும். இதைப் பரப்புவினைப்பொருள் என்பார்கள். உயிரிகள் தயாரித்தால் உயிரிப் பரப்புவினைப்பொருள்.

இது நமக்குப் புதிதல்ல. பட்டுப்புடவையையும் தங்க நகையையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசும் வழக்கம் இன்னும் சாகவில்லை. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருப்பது சப்போனின். அதன் எண்ணெய்ப்பற்றுள்ள உடம்பில் சர்க்கரைகள் தொங்கும். தண்ணீரைப் பிடிப்பது சர்க்கரை, அழுக்கைப் பிடிப்பது உடம்பு. நம் ஈஸ்ட் தயாரிக்கும் சோப்பும் இதே சூத்திரம்தான்: தலையில் சர்க்கரை, வாலில் கொழுப்பு அமிலம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

அந்த ஈஸ்ட்டின் இன்றைய பெயர் ஸ்டார்மரெல்லா பாம்பிகோலா. கதை கனடாவில் சஸ்கடூன் நகரில் தொடங்குகிறது. 1961இல் அங்குள்ள ஆய்வகத்தில் கோரின், ஸ்பென்சர், டல்லக் என்ற மூவர், ஒரு ஈஸ்ட் தன் செல்லுக்கு வெளியே விசித்திரமான ஒரு பொருளைத் தள்ளுவதைக் கண்டார்கள். இரண்டு குளுக்கோஸ் கோர்த்த சோஃபோரோஸ் என்ற சர்க்கரையும் ஒரு கொழுப்பு அமிலமும் சேர்ந்தது அது. சோஃபோரோலிப்பிட் என்று பெயர் வந்தது. 1970இல் அதே குழு, பம்பிள் பீ எனப்படும் ரோமம் அடர்ந்த பெரிய தேனீயின் தேனிலிருந்து இன்னொரு ஈஸ்ட்டைப் பிரித்தது. இந்த வேலையில் அது எல்லோரையும் மிஞ்சியது. அதுதான் பாம்பிகோலா; அந்தத் தேனீயிடம் குடியிருப்பது என்று பொருள். அந்தத் தேனீ நம் ஊரில் கிடையாது; இமயமலைப் பக்கம் உண்டு.

தேனுக்குள் வாழ்வது லேசான காரியமல்ல. சர்க்கரை அத்தனை அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலான நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிவிடும். ஜாம் கெடாமல் இருப்பது இதனால்தான்; ஊறுகாயில் இதே வேலையை உப்பு செய்கிறது. இந்த ஈஸ்ட் அதில் நிம்மதியாக வாழ்கிறது. ஆனால் அங்கே அதற்கு ஒரு குறை: சர்க்கரை கொட்டிக்கிடக்கிறது, நைட்ரஜன் மிகக் குறைவு. நைட்ரஜன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, குட்டி போட முடியாது. சாப்பாடு மிஞ்சுகிறது, பெருகவும் வழியில்லை. அப்போது அது மிஞ்சிய சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்து சோஃபோரோலிப்பிட்டாக்கி வெளியே தள்ளுகிறது. தேனில் போட்டிக்கு வரும் பல நுண்ணுயிர்களால் இந்தப் பொருளை எளிதில் தின்ன முடியாது. சிலவற்றுக்கு இது விஷமும்கூட. பின்னாளில் பசித்தால் இந்த ஈஸ்ட் மட்டும் எடுத்துத் தின்னும். பக்கத்து வீட்டுக்காரன் தொடாதபடி வாசலிலேயே குதிர் கட்டி நெல்லைப் போட்டு வைப்பதுபோல என்று விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள். எனக்கும் இந்த விளக்கம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஈஸ்ட் அந்தச் சரக்கை வெளியே தள்ளுவதை ஆய்வகத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் மாணவர்களின் திட்டப்பணிக்காக சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து இந்த ஈஸ்ட்டை வரவழைத்தோம். குடுவையில் குளுக்கோஸ், கொஞ்சம் ஈஸ்ட் சாறு, சூரியகாந்தி எண்ணெய். குலுக்கும் இயந்திரத்தில் வைத்தோம். முதல் முறை வேறு பாக்டீரியா புகுந்து நாற்றம் எடுத்தது, கொட்டிவிட்டோம். இரண்டாம் முறை இரண்டு நாள் பால்போலக் கலங்கலாக இருந்தது. மூன்றாம் நாளும் மாற்றமில்லை, மேலே எண்ணெய் மிதந்தது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. ஐந்தாம் நாள் காலை குடுவையை எடுத்து ஓரமாகச் சாய்த்தபோது, அடியில் பழுப்பாக ஏதோ உருண்டது. தேன்போல மெதுவாக நகர்ந்தது. மேலே மிதந்த எண்ணெய் காணாமல் போயிருந்தது. தண்ணீரைவிடக் கனமான சோஃபோரோலிப்பிட் அடியில் தங்கியிருந்தது. துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, மிளகுத்தூள் தூவியிருந்த தட்டில் தொட்டோம். மிளகு நாலா பக்கமும் ஓடியது. சோப்புத் துளி தொட்டால் ஓடுவதுபோலவே.

"இயற்கையாவே இவ்ளோ பண்ணுதுன்னா, அதுல மரபணுவ எதுக்கு சார் நோண்டணும்?"

நல்ல கேள்வி. தொழிற்சாலை அளவில் இந்த ஈஸ்ட் ஒரு லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சாதாரணமாகத் தருகிறது. நல்ல கவனிப்பில் 200 கிராமையும் தாண்டியிருக்கிறது. நுண்ணுயிர் உலகில் இது அசாத்திய விளைச்சல். ஆகையால் பிரச்சினை அளவில் இல்லை, கலவையில் இருக்கிறது. ஈஸ்ட் ஒரே பொருளைத் தருவதில்லை. சிலதில் வால் வளைந்து வந்து தலையைத் தொட்டு வளையமாகியிருக்கும். சிலது நீட்டமாகவே இருக்கும். சிலதில் சர்க்கரையின் மேல் அசிட்டைல் குழுக்கள் ஒட்டியிருக்கும், சிலதில் இருக்காது. வால் நீளமும் மாறும். வளைய வடிவம் கிருமியைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீட்ட வடிவம் நன்றாகக் கரையும், பாத்திரத்துக்கு ஏற்றது. வாங்குகிறவருக்கு ஒவ்வொரு டிரம்மிலும் ஒரே சரக்கு வேண்டும். இன்று ஒரு விகிதம், நாளை வேறு விகிதம் என்றால் உங்கள் உப்புக் கணக்கே கெட்டுப்போகும் என்றேன். சோப் ஆயில் தம்பிக்கு உடனே புரிந்தது.

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகக் குழு இந்த முடிச்சை அவிழ்த்தது. இங்கெ வான் போகார்ட், விம் ஸூட்டார்ட் என்ற இருவரும் அந்தக் குழுவில் முன்னணிப் பெயர்கள். இந்த ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றும் முறையை அவர்கள் 2008இல் வெளியிட்டார்கள். யுராசில் என்ற பொருளைத் தானே தயாரிக்க முடியாத ஈஸ்ட் ரகம் ஒன்றை முதலில் உண்டாக்கினார்கள். யுராசில் ஊட்டாவிட்டால் அது செத்துவிடும். பிறகு, யுராசில் தயாரிக்கும் மரபணுவை எடுத்து, அதன் இரு பக்கமும் தாங்கள் நீக்க விரும்பும் மரபணுவின் ஓரங்களைத் தைத்து செல்லுக்குள் செலுத்தினார்கள். ஓரம் ஓரத்தோடு பொருந்தி, பழைய மரபணு வெளியேறி, புதியது அந்த இடத்தில் உட்காரும். உட்கார்ந்த செல்தான் யுராசில் இல்லாத தட்டில் பிழைக்கும். புத்தகத்தில் ஒரு தாளை மட்டும் உருவிவிட்டு, அதே கிழிசலுக்கு ஏற்ற இன்னொரு தாளை ஒட்டுவதுபோல.

எந்தத் தாளை உருவுவது? அதற்கு வேலை நடக்கும் வரிசை தெரிய வேண்டும். எஸ்டேட்டில் ஒரு ஜாப் பல ஷெட்களுக்குப் போய் வருகிறதல்லவா, ஒருவர் துளை போடுவார், ஒருவர் வெல்டிங் செய்வார், ஒருவர் பெயிண்ட் அடிப்பார். ஈஸ்ட்டுக்குள்ளும் அப்படித்தான். ஒரு நொதி கொழுப்பு அமிலத்தின் வாலில், கடைசிக்கு முந்தைய கார்பனில் ஆக்ஸிஜனைப் பொருத்தி ஒரு கொக்கி போடுகிறது. இன்னொரு நொதி அந்தக் கொக்கியில் முதல் குளுக்கோஸை மாட்டுகிறது. வேறொன்று இரண்டாவது குளுக்கோஸைக் கோர்க்கிறது. நான்காவது, அசிட்டைல் குழுவைப் பூசுகிறது. ஐந்தாவது ஒரு பம்ப். முடிந்த சரக்கை வெளியே தள்ளுகிறது. இந்த ஐந்தின் மரபணுக்களும் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதை கென்ட் குழு 2013இல் காட்டியது.

வளையம் எங்கே போடப்படுகிறது என்பதுதான் நீண்டநாள் புதிர். அந்த நொதி செல்லுக்கு உள்ளே இல்லை, வெளியே, குழம்பில் மிதந்தது. அதன் மரபணுவும் அந்த ஐந்தோடு சேர்ந்து இல்லாமல் தனியே இருந்தது. எஸ்டரேஸ் வகை நொதிகள் பொதுவாகத் தண்ணீரில் இணைப்பை வெட்டுகிறவை. இது தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு இணைப்பைப் போடுகிறது. முப்பது வருடம் நொதிகளைப் பற்றி வகுப்பெடுத்த எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

இப்போது வேலை எளிது. வளையம் போடும் மரபணுவை உருவினால் நீட்ட வடிவம் மட்டும் வரும். அதையே பல மடங்கு ஆக்கினால் கிட்டத்தட்ட எல்லாமே வளையம். இரண்டாவது குளுக்கோஸ் கோர்ப்பதை நிறுத்தினால் ஒற்றைச் சர்க்கரைச் சரக்கு. அசிட்டைல் பூசுவதையும் வளையம் போடுவதையும் சேர்த்து நிறுத்தியபோது, யாரும் எதிர்பார்க்காமல் இரு முனையிலும் சர்க்கரைத் தலை கொண்ட ஒரு மூலக்கூறு வந்தது. எண்ணெயை எரித்துத் தின்னும் பாதையை அடைத்த ரகமும் உண்டு. அதைக் கொண்டு வேறு நீளமுள்ள வால்களை முயன்று பார்க்கிறார்கள். ஆக, புதிதாக ஒரு வித்தையை ஈஸ்ட்டுக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, அது செய்கிற வேலைகளில் ஒன்றிரண்டைக் கூட்டுவதோ நிறுத்துவதோதான் இங்கே பொறியியல்.

பாக்டீரியாவை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பீர்கள். பயன்படுத்துகிறார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா ராம்னோலிப்பிட் என்ற அருமையான பொருளைத் தரும். ஆனால் அது மருத்துவமனைப் புண்களில் சீழ் வைக்கும் கிருமி. அதனால் அதன் மரபணுக்களைச் சாதுவான இன்னொரு சூடோமோனாஸில் வைத்து எவோனிக் நிறுவனம் உற்பத்தி செய்கிறது. 2024இல் ஸ்லோவாக்கியாவில் பெரிய ஆலை திறந்தது. தேன் ஈஸ்ட்டுக்கு இந்தச் சுற்று வேலை தேவையில்லை. அது யாருக்கும் நோய் தருவதில்லை.

"வெல என்ன சார்?"

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். ஸ்லரியைவிடப் பல மடங்கு விலை. காரணம் மரபணு இல்லை, சாப்பாடும் காற்றும். சோஃபோரோலிப்பிட்டின் எடையில் பாதி சர்க்கரை, பாதி கொழுப்பு அமிலம். ஒரு கிலோ சரக்குக்கு அரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரையும் அதே அளவு எண்ணெயும் ஊட்டியாக வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேல் தொட்டியில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரக் கணக்கு ஓடும். சரக்கு அடியில் சேரச்சேரக் குழம்பு கெட்டியாகி, ஆக்ஸிஜன் ஈஸ்ட்டை எட்டாமல் திணறும். மான்செஸ்டரில் பிறந்த ஹோலிஃபெர்ம் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது: அடியில் சேர்கிற சரக்கை நொதித்தல் நடக்கும்போதே, அதன் கனத்தை வைத்தே பிரித்து இழுத்துக்கொள்வது. தொட்டியை நிறுத்த வேண்டியதில்லை. மரபணு மாற்றத்துக்கு இணையான முன்னேற்றம் என்று நான் இதைச் சொல்வேன்.

எண்ணெய் விஷயம் என்னை உறுத்துகிறது. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதைச் சோப்புக்கு ஊட்டுவதா? குளியல் சோப்பு காலங்காலமாக எண்ணெயில்தான் செய்யப்படுகிறது என்று பதில் சொல்லலாம். ஆனால் நல்ல வழி வேறு உண்டு. வறுத்து வறுத்துக் கருத்த எண்ணெயில் துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எண்ணெயை இன்று பெரும்பாலும் பயோடீசலுக்கு வாங்குகிறார்கள். இந்த ஈஸ்ட் அதையும் தின்னும், ஆய்வுகளில் தின்றிருக்கிறது. விளைச்சல் குறையும், நிறம் கருக்கும், ஒவ்வொரு கடை எண்ணெயும் ஒவ்வொரு தரம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எத்தனை பஜ்ஜிக் கடை, எத்தனை ஹோட்டல்! சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், வடிகட்டித் தரம் பிரிக்கும் வேலையும் அம்பத்தூர் ஆட்களால் முடியாதது அல்ல.

இந்தியாவில் இதைத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். புனே தேசிய இரசாயன ஆய்வகத்தில் அஸ்மிதா பிரபுணே பல ஆண்டுகள் சோஃபோரோலிப்பிட்டில் உழைத்தவர். உயிரி உற்பத்திக்கென மத்திய அரசு 2024 ஆகஸ்டில் பயோ இ3 கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. மரபணு மாற்றிய ஈஸ்ட் என்றால் 1986 சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி அனுமதி வேண்டும். மரபணுத் திருத்தத்துக்கு 2022இல் தந்த விலக்கு செடிகளுக்கு மட்டும். மாற்றாத ஈஸ்ட்டுக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தம்பியின் கடைசிக் கவலை நுரை. "நுரை வரலன்னா ஒருத்தன் வாங்க மாட்டான் சார்." சோஃபோரோலிப்பிட்டுக்கு நுரை குறைவுதான். ஜப்பானின் சராயா நிறுவனம் 2001இல் இதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான சோப்பில் போட்டதே நுரை குறைவு என்பதால்தான். இயந்திரத்துக்குள் நுரை பொங்கினால் வேலை கெடும். நம் ஹோட்டல் பின்கட்டில் நிற்கும் அக்காவுக்கோ நுரை வந்தால்தான் மனசு நிறையும். ஆனால் எண்ணெயை எடுப்பது நுரை அல்ல, அந்த இரண்டு முனைகள். இதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது. செய்துதான் காட்ட வேண்டும்.

நுரையைப் பற்றிப் பேசினால் ஏரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் வடக்குப் பக்கம் கொரட்டூர் ஏரி தெரியும். ஒரு காலத்தில் குடிநீர் தந்த ஏரி. எஸ்டேட் கழிவும் வீட்டுச் சாக்கடையும் அதில் சேர்வதை எதிர்த்து ஊர் மக்கள் பல வருடமாகப் போராடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மழைக்காலத்தில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை ஒதுங்கும் வெள்ளை நுரையைப் பிள்ளைகள் அள்ளி விளையாடுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்பும் உண்டு. மணலி எண்ணெயில் இருந்து வரும் சோப்பு காற்றோட்டமுள்ள தண்ணீரில் நன்றாகவே சிதையும். அதற்காகத்தான் கிளைச்சங்கிலி சோப்பை விட்டு உலகம் 1960களில் நேர்ச்சங்கிலிக்கு மாறியது. ஆனால் ஆக்ஸிஜன் இல்லாத கருஞ்சேற்றில் அது அநேகமாகச் சிதைவதே இல்லை. கூவம் ஆறு அப்படிப்பட்ட இடம். ஈஸ்ட் சோப்பு எளிதில் சிதையும். அதற்காக ஈஸ்ட் வந்து ஏரியைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். சாக்கடை ஏரிக்குள் வருவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்கு மரபணு தேவையில்லை, குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் போதும்.

"சரி சார், நான் என்ன பண்ணட்டும்?"

துணித்தூளுக்கு இது இப்போதைக்கு வராது, விலை கட்டாது. தரை துடைக்கும் சரக்குக்கும் வேண்டாம். கை படும் பாத்திர திரவத்தில், ஸ்லரியின் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் மாதிரி வரவழைக்கிறோம். ஒரே அளவு எண்ணெய் தடவிய இருபது எவர்சில்வர் தட்டு, பத்து பழைய சரக்கில், பத்து புதியதில். கழுவிக் காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பார்ப்பது அதே ஹோட்டல் அக்காக்கள்தான். எந்தத் தட்டு எந்தச் சரக்கு என்று அவர்களுக்குச் சொல்லப் போவதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சோப் ஆயில் போடுகிறவர்கள் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், மாலை ஐந்து மணிக்கு பட்டரவாக்கம் டீக்கடைக்கு வாருங்கள். வரும்போது உங்கள் சரக்கிலும் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். அதையும் சேர்த்துச் சோதிப்போம்.